கொழகொழப் படைக்குக் குரல் கொடுத்தவர்

ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோருக்கும் அவர் கீச்சக்கா. இருபத்தாறு வருடம் குரல் கொடுத்துப் பிழைத்த மனுஷிக்கு ஒரு தடவைகூடக் கதாநாயகி வாய்த்ததில்லை. படத்தில் கடைத்தெருக் கூட்டம் சலசலத்தால் அதில் பத்துப் பெண்கள் அவர்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டால் அதுவும் அவர்தான். விளம்பரத்தில் பேசுகிற பல்துலக்கி, கார்ட்டூனில் நொண்டி வாத்து, கதவிடுக்கில் மாட்டிய எலி என்று வாங்கிப் போட்டுக்கொண்ட வேஷங்களுக்குக் கணக்கில்லை. "நான் வாயைத் திறந்தா மனுஷன் வரமாட்டான், ஜந்துதான் வரும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். இருட்டு பிரியும்போது டிப்போவுக்குப் போனால் மதியம் இரண்டு மணிக்கு வீடு திரும்புவார். மூன்றாவது மாடியில் இரண்டு அறைகளும், துணி காயப்போட ஒரு கம்பியுமாக ஒரு வீடு. மகளுக்கு வேறு ஊரில் மருந்துக்கடையில் வேலை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வருவாள். மனைவியின் தொழிலைப் பற்றி ஓட்டுநருக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இருந்ததில்லை. டிவியில் கூட்டம் கத்தினால், "இதுல நீ எங்க இருக்க?" என்பார். "இடது பக்கம், கூடையோட போறா பாருங்க" என்று கீச்சக்கா அடித்துவிடுவார். அவரும் நம்பிக் கூடையைத் தேடுவார்.

அந்த வருடம் ஒரு கேம் கம்பெனியிலிருந்து வேலை வந்தது. ஒலிப்பதிவாளர் அவரை மைக் முன்னால் உட்காரவைத்து விளக்கினார்.

"வானத்துல இருந்து குடை பிடிச்சிக்கிட்டு இறங்குற ஜந்துங்கக்கா. கொழகொழன்னு இருக்கும். ஊரைப் பிடிக்க வருதுங்க. நாலு பேர் வரைக்கும் சேர்ந்து சுட்டு விரட்டணும். பேரே ‘கொழகொழப் படை’தான். பயமே வரக்கூடாது. ஒவ்வொண்ணு சாகும்போதும் ஆடுறவனுக்குச் சிரிப்பு வரணும்."

"எப்படிச் சாகுதுங்க?"

"விதவிதமா. சோப்புத் தண்ணி பட்டு, வாணலியால அடி வாங்கி, தூசி உறிஞ்சுற மெஷின்ல மாட்டி..."

"வாணலிச் சாவு வேற, மெஷின் சாவு வேறல்ல? சரி, குடிக்கத் தண்ணி வெச்சிட்டுக் கதவைச் சாத்துப்பா."

நான்கு நாளில் நூற்றுத் தொண்ணூறு விதமாகச் செத்தார். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். மூன்றாவது நாள் ஒரு கீச்சலின் வால் இரண்டாக உடைந்தது. அதற்கு முன்பே இரண்டு மாதமாகத் தொண்டை கரகரத்துக்கொண்டிருந்தது. சளி என்று நினைத்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"உடைஞ்சிடுச்சுப்பா. இன்னொண்ணு எடுத்துக்கலாம்."

"வேணாம்க்கா, அந்த உடைசல்தான் அழகு. மிச்சத்தையும் அப்படியே முடிங்க."

"நான் எங்க முடிக்கிறேன்? அதுவா முடியுது" என்றார் கீச்சக்கா. இருவரும் சிரித்தார்கள்.

கேம் வெளியாக ஐந்து மாதம் ஆனது. அதற்குள் கரகரப்பு முற்றிக் காற்றாகிவிட்டது. பாதிப் பேச்சு நின்றுவிடும். மீதியைக் கையால் சொல்வார். கணவர்தான் இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சோதனைக்குச் சதை எடுத்தார்கள், பத்து நாள் காத்திருக்கச் சொன்னார்கள். பதினோராவது நாள் டாக்டர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"குரல்வளையை முழுசா எடுத்துடணும்மா. கழுத்துல ஒரு துளை போடுவோம். இனிமே மூச்சு அது வழியாத்தான். பேச்சு... பழைய பேச்சு வராது."

"மூச்சு வரும்ல?" என்றார் கீச்சக்கா.

ஓட்டுநர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "கத்துனதாலயா டாக்டர்? நாலு நாள் விடாம கத்த வெச்சாங்க."

"கத்துறதால புற்று வராதுங்க. எதனால வந்துச்சுன்னு இப்ப சொல்றது கஷ்டம்."

ஓட்டுநர் தலையை ஆட்டினார். நம்பவில்லை. வீடு வரும்வரை பேருந்தில் முஷ்டியை மடியில் வைத்து அழுத்திக்கொண்டே வந்தார்.

அறுவைக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்துக்குள்தான் கேம் வெளியானது. மகள் விடுப்பெடுத்துக்கொண்டு, தன் லேப்டாப்போடும் இரண்டு கன்ட்ரோலர்களோடும் வந்து சேர்ந்தாள். முதலில் விமர்சனங்களைத் தேடிப் படித்துக்காட்டினாள்.

"இது பெரிய சைட்டும்மா. ‘நண்பர்கள் கூட இருந்தால் ஒரு சாயங்காலம் சிரித்துவிட்டு மறந்துபோகலாம். தனியாக ஆடுவது தண்டனை. மூன்றாவது ஊர், முதல் ஊருக்கு வேறு வர்ணம் அடித்ததுபோல் இருக்கிறது.’ பத்துக்கு ஆறு போட்டிருக்கான்."

"சரியாத்தான் சொல்றான். அடுத்தது?"

"‘கதாநாயகர்கள் நால்வரும் வாயை மூடுவதே இல்லை. வரிக்கு வரி ஜோக். ஒன்றுக்கும் சிரிப்பு வரவில்லை.’"

"அது அந்தப் பசங்க தப்பு. சிரிக்க வைக்கணும்னு நினைச்சுக்கிட்டுப் பேசினா எவன் சிரிப்பான்? பேசுறவனுக்கு அது சீரியஸா இருக்கணும்."

அடுத்ததை மகள் கண்ணால் ஓட்டிவிட்டுத் தாண்டப் பார்த்தாள். கீச்சக்கா அவள் கையைப் பிடித்தார். "படிடி."

"‘எதிரிகளின் கீச்சல் அரை மணி நேரத்தில் மண்டையைக் குடைகிறது. சத்தத்தை அணைத்துவிட்டு ஆடுங்கள்.’"

"ம்."

"ஆனா இந்த அம்மா வேற மாதிரி எழுதியிருக்காங்க பாரு. ‘இந்த விளையாட்டில் உயிருள்ள ஒரே விஷயம் அந்த ஜந்துக்களின் சாவுதான். கீச்சலின் கடைசியில் தொண்டை லேசாக உடைகிறது. யாரோ அதற்காக மிகவும் மெனக்கெட்டிருக்கிறார்கள்.’"

கீச்சக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே பார்த்தபடியே, "நான் ஒரு மெனக்கெடலும் படல" என்றார். அந்த வாரம் அவர் பேசியதில் தெளிவாகக் கேட்ட வாக்கியம் அதுதான் என்று மகள் பிறகு சொன்னாள்.

மகள் ஊருக்குப் போகும்போது லேப்டாப்பை விட்டுப்போனாள். மறுநாள் மதியம் ஓட்டுநர் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கன்ட்ரோலரை ஸ்டியரிங் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்து உட்கார்ந்தார். குடை பிடித்த ஜந்து ஒன்று தெருமுனையில் இறங்கி இடுப்பை ஆட்டியது. அவர் வாணலியை வீசினார். கீய்ய்ய்ய் என்று இழுத்து, கடைசியில் உடைந்து, ஜந்து ஊதாக் குழம்பாகித் தரையில் வழிந்தது.

ஓட்டுநர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார்.

"இது நீதானே?"

"நான்தான். வாணலி. ரெண்டாம் நாள் எடுத்தது."

"என்னால முடியாது."

"விளையாட்டுங்க."

"நீ சாகுற மாதிரி இருக்கு."

திரையில் இன்னொரு ஜந்து வந்து ஓட்டுநரின் ஆளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தது. கீச்சக்கா இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்தார். "சரி. நான் சுடுறேன். நீங்க கதவைத் திறங்க. நான் விழுந்தா தூக்கி விடுங்க."

கேமின் அமைப்பே அப்படி. ஒவ்வொரு தெருவின் முடிவிலும் ஒரு பெரிய கதவு. இரண்டு கைப்பிடியையும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் திறக்கும். அறுவைவரை மிச்சமிருந்த மதியங்களில் அப்படியே ஆடினார்கள். கீச்சக்கா தன் சாவுகளை ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டே போனார். ஓட்டுநர் ஒரு குண்டும் போடாமல் பின்னால் வந்து, கைப்பிடி இழுத்தார், தூக்கிவிட்டார். பன்னிரண்டு ஊரும் முடிந்து எழுத்துகள் ஓடியபோது, "எத்தனை மார்க் போடுவ?" என்று கேட்டார். கீச்சக்கா ஐந்து விரலைக் காட்டி, ஆறாவதைப் பாதி மடக்கினார்.

அறுவைக்கு முதல் நாள் மகள் போனை நீட்டி, "ஏதாவது பேசும்மா, பதிவு பண்ணி வெச்சிக்கிறேன்" என்று கெஞ்சினாள். கீச்சக்கா மறுத்துவிட்டார். காற்றும் கரகரப்புமாக அவர் சொன்னது இதுதான்: "பழுதான குரலை மைக்ல குடுத்து எனக்குப் பழக்கமில்ல."

அறுவை முடிந்தது. கதிர்வீச்சும் முடிந்து வீட்டுக்கு வந்தபோது கீச்சக்கா பாதியாகியிருந்தார். கழுத்தின் துளைமேல் மெல்லிய துணி. தும்மினாலும் இருமினாலும் அது வழியாகத்தான். சமையலறையில் ஓர் எழுது பலகை, படுக்கை அருகில் ஒன்று. ஓட்டுநர் அவரைக் கண்ணாடிச் சாமான்போல் நடத்தினார். முன்பெல்லாம் குழம்பில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளுகிறவர், இப்போது உப்பே போடாவிட்டாலும் வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார். அந்த மரியாதை கீச்சக்காவுக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு மதியம் அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் கீய்ய்ய்ய் என்று கேட்டது. கையில் இருந்த டம்ளர் தொட்டிக்குள் விழுந்தது. கொஞ்ச இடைவெளி. இன்னொரு கீய்ய்ய். எட்டிப் பார்த்தார். சுடவே மாட்டேன் என்றவர், முதுகைக் காட்டி உட்கார்ந்து சுட்டுக்கொண்டிருந்தார். கூட ஆள் இல்லாததால் முதல் கதவைத் தாண்ட வழியில்லை. முதல் தெருவிலேயே முன்னும் பின்னும் நடந்து, இறங்கிவரும் ஜந்துக்களை ஒன்றுவிடாமல் கொன்றுகொண்டிருந்தார். ஒவ்வொன்று செத்ததும் ஒரு விநாடி கையை நிறுத்திக் கேட்டார்.

கீச்சக்கா பலகையில் ‘நிறுத்துங்க’ என்று எழுதிக் காட்டினார். அவர் சத்தத்தைக் குறைத்தார். மறுநாள் மகளின் இயர்போனை மாட்டிக்கொண்டு ஆடினார். அது இன்னும் மோசம். சத்தமில்லாத அறையில் அவர் முகம் மட்டும் ஒவ்வொரு சாவுக்கும் மாறுவதைக் கதவோரம் நின்று பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது கன்ட்ரோலரை ஒருநாள் அவர் நீட்டினார். கீச்சக்கா வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

தினமும் ஒரு மணி நேரம். இரண்டு மாதம் அது ஓடியது.

பிறகு ஒரு புதன்கிழமை ஓட்டுநர் இயர்போனைக் கழற்றித் தட்டிப் பார்த்தார். ஒயரை முறுக்கினார். லேப்டாப்பை அணைத்துப் போட்டார். "இங்க வா, இதைக் கேளு" என்று கூப்பிட்டார். கீச்சக்கா ஈரக் கையோடு வந்து நின்றார். அவர் ஒரு ஜந்துவைச் சுட்டார். ‘ப்ளப்’ என்று நீர்க்குமிழி வெடிக்கும் சத்தம் வந்தது. இன்னொன்றைச் சுட்டார். அதே ‘ப்ளப்.’ திரையின் ஓரத்தில் கம்பெனியின் அறிவிப்பு இருந்தது: ஆடுபவர்களின் கருத்துக்கு மதிப்பளித்து, இந்த அப்டேட்டில் எதிரிகளின் ஒலியை மாற்றியிருக்கிறோம்.

கீச்சக்காவுக்கு முதலில் வந்தது நிம்மதி. நாள் கணக்காகக் குரைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு நாய் சட்டென்று ஓய்ந்தால் வருமே, அந்த நிம்மதி. அடுத்து, கணவரின் முகத்தைப் பார்த்ததும் அதற்காகக் கூச்சப்பட்டார்.

ஓட்டுநர் அப்போதே ஒலிப்பதிவாளருக்குப் போன் போட்டார்.

"எடுத்ததெல்லாம் உங்ககிட்ட இருக்கும்ல தம்பி?"

"கம்பெனிக்கு அனுப்பியாச்சுண்ணே. இங்க இடமில்லன்னு போன மாசம்தான் எல்லாத்தையும் அழிச்சோம். அக்கா எப்படி இருக்காங்க?"

"இருக்கா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதன்பின் அவர் உட்கார்ந்து விமர்சனம் எழுதினார். கேம் விற்கும் தளத்தில் வாங்கியவர்கள் எழுத ஓர் இடம் உண்டு. வேலை விண்ணப்பத்துக்குப் பிறகு அவர் சொந்தமாக எழுதிய முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். ஒற்றை விரலால் தட்டித் தட்டி இரண்டு மதியம் ஆனது. முடித்ததும் மனைவியிடம் காட்டினார்.

‘நான் பேருந்து ஓட்டுநர். இந்த கேமில் சாகும் ஜந்துக்களின் சத்தம் என் மனைவியின் குரல். அவளுக்கு ஆபரேஷன் ஆகி இப்போது பேச முடியாது. அப்டேட்டில் அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டீர்கள். தயவுசெய்து பழைய சத்தத்தைத் திருப்பிப் போடவும். மற்றபடி கேம் சுமார். கதவைத் திறக்க இரண்டு பேர் வேண்டும் என்பது தனியாக இருப்பவர்களுக்குக் கஷ்டம்.’

கீச்சக்கா ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினார். கடைசி வரியில் ‘தனியாக இருப்பவர்களுக்கு’ என்ற இடத்தில் விரல் நின்றது. அடிக்கலாமா என்று யோசித்து, அப்படியே விட்டுவிட்டார்.

மறுநாள் அந்த விமர்சனத்தின் கீழே ஒரு மஞ்சள் முகம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நாற்பத்தொன்று. ஒரு வாரத்தில் அது முந்நூற்றுப் பன்னிரண்டு ஆனது.

"பாரு, முந்நூறு பேருக்குப் பிடிச்சிருக்கு. இத்தனை பேர் கேட்டா போட்டுத்தானே ஆகணும்?" என்றார் ஓட்டுநர். டிப்போவில் சக ஓட்டுநர்களிடமும் சொல்லியிருந்தார்.

அவர் வேலைக்குப் போன நேரத்தில் கீச்சக்கா அந்தப் பக்கத்தைத் திறந்து கீழே எழுதியிருந்தவற்றைப் படித்தார். ‘இந்த வருஷத்தின் சிறந்த ஜோக்.’ ‘பொண்டாட்டி வாயை அடைச்சுக் கொடுத்த கம்பெனிக்கு ஐயா நன்றி சொல்லணும்.’ ‘என் மாமியாருக்கும் இந்த அப்டேட் கிடைக்குமா?’ அப்படியே இறங்கிக்கொண்டே போனது. இருபத்தாறு வருடம் மற்றவர்களைச் சிரிக்கவைக்கச் சத்தம் போட்டவர் அவர். இதில் சிரிப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று அவருக்குத் துல்லியமாகப் புரிந்தது. கணவர் துளிக்கூடச் சிரிக்காமல் எழுதியிருந்தார். அந்தத் தளத்தில் அவ்வளவு சீரியஸாக எழுதுகிறவர்கள் வேடிக்கைக்கு எழுதும் கோமாளிகள் மட்டுமே. லேப்டாப்பை மூடிவைத்தார். ஓட்டுநர் வந்து, "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்டபோது பலகையில் எண்ணை மட்டும் எழுதிக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அப்பா பெருமையாகக் காட்டினார். அவள் பார்த்தாள், மேலும் கீழும் தள்ளினாள், உதட்டைக் கடித்தாள்.

"அப்பா, இது பிடிச்சிருக்குன்னு போடுற குறி இல்லப்பா."

"பின்ன?"

"காமெடின்னு போடுறது. இதை ஜோக்குன்னு நினைச்சிருக்காங்க."

ஓட்டுநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே எழுதியிருந்ததையெல்லாம் வரி விடாமல் படித்தார். மகள் தடுத்தும் கேட்கவில்லை. படித்து முடித்துச் சமையலறை வாசலுக்கு வந்தார்.

"உனக்கு இது தெரியுமா?"

கீச்சக்கா தலையாட்டினார்.

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா? ஊரே என்னைப் பார்த்துச் சிரிச்சிருக்கு, நீயும் தினம் எண்ணிச் சொல்லியிருக்க! வாய்தான் போச்சு, கையுமா போச்சு? எழுதிக் காட்டத் தெரியாதா?"

அறுவைக்குப் பிறகு அவர் மனைவியிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது போல. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். கீச்சக்காவின் கழுத்துத் துணி படபடத்தது. பலகையை எடுத்து எழுதினார்.

‘நீங்க சந்தோஷமா இருந்தீங்க.’

அவர் படித்து முடிப்பதற்குள் பிடுங்கி, அடியில் இன்னொரு வரி சேர்த்தார்.

‘அந்தச் சத்தம் போனது எனக்கு நல்லதா இருக்கு. திரும்ப வரவேண்டாம்.’

ஓட்டுநர் பலகையைக் கையில் வாங்கிப் படித்தார். "எனக்கு வேற என்ன இருக்கு உன் குரல்னு கேக்குறதுக்கு?" என்றார் மெதுவாக. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது மகளிடம், "அதை அழிச்சிடு" என்று மட்டும் சொன்னார். விமர்சனம் போனது. அதனோடு முந்நூற்றுச் சொச்சம் சிரிப்புகளும் போயின. மகள் லேப்டாப்பைத் தன்னோடு எடுத்துப் போனாள். அதற்குப் பிறகு மதியங்களில் அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வதென்று ஓட்டுநருக்குத் தெரியவில்லை. ஜன்னலோரம் நிற்பார். இல்லாவிட்டால் சும்மா படுத்திருப்பார்.

கீச்சக்கா வாரம் இருமுறை மருத்துவமனைக்குப் பேச்சுப் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தார். டார்ச் மாதிரி ஒரு கருவி. கழுத்தில் அழுத்தி வாயசைத்தால் வண்டு ரீங்கரிப்பதுபோல் பேச்சு வரும். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. கேள்வியும் பதிலும் ஒரே மாதிரி. இந்தக் குரலை எந்தக் கூடத்திலும் வாசல்படி ஏற்றமாட்டார்கள் என்று முதல் நாளே முடிவுகட்டிவிட்டார். ஆனாலும் பயிற்சியை விடவில்லை. வீட்டில் ஒரே ஒரு தடவைதான் அதை எடுத்தார். ஓட்டுநர் அதைக் கேட்டுவிட்டு, எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் இருந்தார். அதோடு சரி. மறுபடி பலகைக்கே வந்துவிட்டார்கள்.

ஆறாம் மாதப் பரிசோதனைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று ஓட்டுநருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மருத்துவமனை அவருடைய தடத்தில்தான் வருகிறது என்பதால் அவர் வண்டியிலேயே ஏறினார் கீச்சக்கா. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தார். நல்ல கூட்டம். மருத்துவமனைத் திருப்பம் வந்ததும் எழுந்து கம்பியைப் பிடித்தார். வண்டி வேகம் குறையவில்லை. பலகை வீட்டில் இருந்தது. பையிலிருந்து கருவியை எடுத்துக் கழுத்தில் அழுத்தினார்.

"இறங்கணும்" என்றது கருவி.

முன்பக்கம் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷமா இதே ரூட்டுல ஓட்டுறேன். உக்காரு முதல்ல, வண்டி நிக்கட்டும்."

உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளுகிற காலத்து அதட்டல். கீச்சக்கா உட்கார்ந்தார். வண்டி நின்றது. இறங்கி நடைபாதையில் ஏறி நின்று, பரிசோதனைச் சீட்டு பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். நிமிர்ந்தபோது ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஏற்கெனவே நான்கு நிமிடம் தாமதம். கதவைச் சாத்திக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.